வளைவில் தண்ணீர் வடிந்தபோது

சுற்றுலாப் படகில் மைக் பிடித்துப் பேசுகிறவள் என்பதால் அவளுக்கு ஊரில் மைக்கம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஓட, அதற்கு மேலே மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கால்வாய் போகும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கால்வாய் மலை மாறுகிறது. அங்கே ஆற்றின் தலைக்கு மேல் கல்லால் தொட்டிப்பாலம் கட்டி, தண்ணீரைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். முன்பு அந்த வழியாகச் சுண்ணாம்பும் நிலக்கரியும் பஞ்சுப் பொதியும் போயின. இப்போது கேமராவோடு மனிதர்கள் போனார்கள். அவர்களுக்கு எந்தக் கல் எந்தக் குவாரியிலிருந்து வந்தது, மூடிக்கிடக்கும் ஆலையில் எத்தனை பெண்கள் வேலை பார்த்தார்கள், படகைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கதவுத்தொட்டிகளை யார் காவல் காத்தார்கள் என்பதையெல்லாம் அவள் அலுக்காமல் சொல்வாள்.

கடைசி வளைவில் கூன்பாலம் வரும். முதுகு வளைந்த பழைய கல்பாலம். அங்கே அவள் சொல்வதற்கென்றே ஒரு வேடிக்கை வைத்திருந்தாள்.

"இந்தப் பாலத்துக்கு இருநூறு வயசு. இதுமேல எத்தனையோ பேர் போயிருக்காங்க, வந்திருக்காங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் போனாரு, வரலை. சும்மாவும் போகலைங்க, என் குக்கர் மூடியையும் தூக்கிட்டுப் போயிட்டாரு. புதுக் குடித்தனத்துக்கு அது ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு போல."

படகே குலுங்கும்படி சிரிப்பார்கள். பின்னால் இன்ஜினைப் பிடித்திருக்கும் கிழவர் மட்டும் சிரிக்கமாட்டார். அவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். இந்தக் கால்வாயைத் தவிர வேறு தண்ணீரில் அவர் காலைக்கூட நனைத்ததில்லை. "அதைச் சொல்லாட்டிதான் என்னம்மா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "நான் அழுதா யாரு டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்ப்பா கேப்டன்?" என்றாள். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

அவள் கணவன் வெல்டர். கதவுத்தொட்டிகளின் இரும்புப் பட்டைகள், ஆலை வாசலின் கம்பிக் கதவு, மாடிப்படிக் கைப்பிடி என்று ஊரில் ஒடிந்த இரும்பெல்லாம் அவன் கைக்கு வந்துதான் ஒட்டும். வீட்டில் குக்கர் மூடியின் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகியும் அதைச் சரிசெய்ய மட்டும் அவனுக்கு நேரம் வரவில்லை. ஒருநாள் காலையில் அதற்காக அவள் பெரிய சண்டை பிடித்தாள். "ஊர்க் கதவெல்லாம் ஒட்டத் தெரியுது, வீட்டு மூடி ஒட்டத் தெரியலை" என்று அவள் கத்த, அவன் மூடியைத் தூக்கி ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினான். அன்று மாலை கொட்டிய மழையில் கால்வாய்க்கு அக்கரையில் இருந்த பட்டறையைப் பூட்டியது வரைக்கும் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

முதலில் எல்லாரும் தேடத்தான் செய்தார்கள். ஆனால் அந்த வாரமே மருந்துக்கடைக்காரரின் மகளும் வீட்டில் இல்லை என்ற செய்தி வந்தது. அப்பாவோடு கவுன்டரில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பெண். அதற்கு மேல் தெருவுக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கணக்குதான். "ரெண்டு பேரும் விவரம் தெரிஞ்சவங்கம்மா. ஆசை தீர்ந்தா அவரே வருவாரு, போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் கடை நிறைய ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் மருந்துக்கடை முன்னால் போய் நின்றாள்.

"பொண்ணு வளர்த்திருக்காரு பாருங்க பொண்ணு! காய்ச்சலுக்கு மருந்து விக்கிற மாதிரி கள்ளத்தனத்தையும் பொட்டலம் கட்டி வித்திருக்கா!"

இன்னும் என்னவெல்லாமோ சொன்னாள். சொல்லக் கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன. பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு கையில் இருந்த மாத்திரை அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன்காரன் வந்து ஷட்டரை இழுத்துவிட்டான். மூடிய ஷட்டரையும் அவள் செருப்புக் காலால் உதைத்தாள். அதுவரை அவளைப் பாவமாகப் பார்த்த தெரு, அன்றைக்கு மரியாதையாகப் பார்த்தது. "இருந்தா இப்படி இருக்கணும்" என்று பக்கத்து வீட்டுக்காரி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அந்தக் கோபம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. அதை ஊன்றிக்கொண்டுதான் வேலை தேடினாள், படகில் ஏறினாள், மகளைப் படிக்க வைத்தாள்.

மருந்துக்கடைப் பெண் ஏதோ ஒரு தூரத்து ஊரிலிருந்து போன் செய்து, "நான் தனியாத்தான் வந்தேன், பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து வந்தேன், நர்ஸ் வேலைக்குப் படிக்கிறேன்" என்று சொன்னதாக ஒரு பேச்சு வந்தது. தெரு அதைக் கேட்டுச் சிரித்தது. மைக்கம்மாவும் சிரித்தாள். அந்தப் பெண்ணின் அப்பா இறந்தபோது, அவள் வரக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டதையும் ஊர் நியாயம் என்றே எடுத்துக்கொண்டது.

*

மகள் வளர்ந்து ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வருஷத்தில், கால்வாய்க்கும் பள்ளத்தாக்குக்கும் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைக்கப்போகிறது என்றார்கள். அதைப் பார்த்து முடிவுசெய்ய வெளியிலிருந்து ஒரு குழு வருமாம். அதற்குள் கரையில் இருக்கும் கசிவை அடைக்க வேண்டும், தூர் வார வேண்டும். கால்வாய் ஆபீஸில் மேலும் கீழும் பலகை போட்டுத் தடுத்து, நடுவில் இருந்த தண்ணீரை ஆற்றுக்குள் திறந்துவிட்டார்கள். நினைவு தெரிந்து யாரும் கால்வாயின் அடியைப் பார்த்ததில்லை. ஊரே கரையில் வந்து நின்றது.

தண்ணீர் இறங்க இறங்க சேற்று நாற்றம் கிளம்பியது. மீன்களை வலைபோட்டு அள்ளித் தொட்டிப்பாலத்துக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். சேற்றிலிருந்து என்னென்னவோ எழுந்தது. சைக்கிள்கள், ஆலையின் பல்சக்கரம், திருடர்கள் உடைத்துவிட்டுப் போட்ட இரும்புப் பெட்டி, கால் இல்லாத நாற்காலிகள். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த அருங்காட்சியகப் பெண் ஒவ்வொன்றையும் கழுவி எண் ஒட்டினாள். பட்டம் வந்ததும் "கால்வாய் கொடுத்தவை" என்று கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னாள். கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல மைக்கம்மாவைக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். படகு ஓடாத நாளிலும் சம்பளம் வெட்டாமல் இருக்க அது ஒரு வழி. அவளும் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். பழைய கழிப்பறைக் கோப்பை ஒன்று வந்தபோது, "இது எந்த மகாராஜாவோட சிம்மாசனம்னு ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு" என்றாள். கைதட்டினார்கள்.

கூன்பாலத்து வளைவில் சேறு ஆள் உயரத்துக்கு இருந்தது. மண் அள்ளும் இயந்திரத்தின் கை அதற்குள் போய், ஒரு ஸ்கூட்டரைக் கவ்விக்கொண்டு வந்தது. சேறு வழியவழிய அது காற்றில் தொங்கியது.

"பார்க்கிங் பண்ணத் தெரியாத மகராசன் யாருப்பா? வந்து வண்டியை எடுத்துக்கங்க" என்றாள் மைக்கில்.

கூட்டம் சிரித்தது. ஸ்கூட்டரைக் கரையில் இறக்கும்போது அதன் பக்கவாட்டுப் பெட்டி துருப்பிடித்த கீலோடு பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து ஏதோ உருண்டது. இயந்திர ஓட்டுநர் குனிந்து எடுத்து, கைத்துணியால் துடைத்து, கூட்டத்துக்குக் காட்டுவதற்காகத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். குக்கர் மூடி. அதில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரும்புப் பட்டையை வளைத்து, திருகாணி போட்டு முடுக்கிய கைப்பிடி ஒன்று இருந்தது. முனைகள் கையைக் கிழிக்காமல் இருக்க அரத்தால் நன்றாக ராவியிருந்தார்கள்.

மைக் இன்னும் அணையவில்லை. அதனால் அவள் வாய்க்குள் சொன்னது கரை முழுவதும் கேட்டது.

"அது என்னோடது."

சிலர் அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். கேப்டன்தான் ஓடிவந்து அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

அதன் பிறகு போலீஸ் வந்து எல்லாரையும் விலக்கிவிட்டுத் துணியால் மறைப்புக் கட்டியது. எலும்புகள் ஸ்கூட்டர் கிடந்த இடத்திலேயே இருந்தன. மழைக்கோட்டின் ரப்பர் அவற்றைச் சிதறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அது அவன்தான் என்று சட்டப்படி உறுதி செய்ய மகளின் ரத்தம் வேண்டும் என்றார்கள். தினமும் ஊரார் கையில் ஊசி குத்துகிறவள், அன்றைக்குத் தன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் கையை நீட்டினாள். அந்தப் பெண்ணுக்கு நரம்பு அகப்படவே இல்லை என்றும் பலமுறை குத்த வேண்டியிருந்தது என்றும் பின்னால் சொன்னார்கள்.

முடிவு வந்ததும் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். வயதில் சின்னவர். அந்தக் காலத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"வண்டி கியர்ல இருக்கும்மா. சாவியும் திருகினபடியே இருக்கு. யாரும் தள்ளிவிட்டதா தெரியலை. அந்த வாரம் ஒரு லாரி இடிச்சு பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் விழுந்திருந்துச்சாம். வெறும் கயிறு கட்டி வச்சிருந்திருக்காங்க. மழையில தெரியாம..."

"எந்தப் பக்கச் சுவர்?" என்று மகள் கேட்டாள்.

"இந்தப் பக்கம். பட்டறையிலருந்து வர்றப்போ பாலம் இறங்குற பக்கம்."

மைக்கம்மாவுக்கு அந்தச் சுவர் தெரியும். விழுந்த கல்லையே எடுத்து, பழைய முறைப்படி சுண்ணாம்பு அரைத்து, கோடு தெரியாமல் கட்டியதற்காகக் கால்வாய் ஆபீஸைப் பத்திரிகையில் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதையும் அவள் படகில் சொல்வாள். இடதுபக்கச் சுவரைப் பாருங்க, எது பழசு எது புதுசுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது என்பாள். எல்லாரும் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பார்கள். படகு அவனுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.

"வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தார்" என்றாள் அவள். இன்ஸ்பெக்டரிடமா மகளிடமா என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் போனபிறகு மகள் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஸ்கூல்ல அப்பா பேரு கேட்டா செத்துட்டார்னு சொல்லுவேன். ஓடிப்போனவன் பொண்ணுன்னு யாராவது சொன்னா அடிக்கப் போவேன். வீட்டுக்கு வந்தா நீ அந்தக் குக்கர் கதையைச் சொல்லிச் சிரிப்ப. நானும் சிரிப்பேன். எனக்கு அப்ப என்ன வயசும்மா?"

"எனக்கு மட்டும் தெரியுமாடி?"

"தெரியாது. ஆனா தெரியாதுன்னு நீ ஒருநாள்கூடச் சொல்லலையே."

அடக்கத்துக்குக் கேப்டனும் பட்டறையில் பழகிய இரண்டு பேரும் வந்தார்கள். தெருக்காரர்கள் வாசலில் வந்து நின்று, "பாவம், நல்ல மனுஷன்" என்றார்கள். நல்ல மனுஷன் என்று அவர்கள் எப்போதும் சொல்லிவந்தது போலவே இருந்தது அந்தக் குரல்.

*

வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்த அந்த நாட்களில் அவளுக்குக் கணவனைவிட அதிகமாக நினைவுக்கு வந்தது ஷட்டர்தான். உதைத்தபோது அது அதிர்ந்த சத்தம். ஒருநாள் காலையில் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, நேராக மருந்துக்கடைக்குப் போனாள். அண்ணன்காரனுக்கு முன்பக்கத் தலை வழுக்கையாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையை நிறுத்தினான்.

"எனக்கு உங்க தங்கச்சி இருக்கிற இடம் வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"மன்னிப்புக் கேக்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு மட்டும் இழுத்தது. "நீங்க தெருவுல நின்னு கத்துனீங்க. நான் வீட்டுக்குள்ள கத்துனேன். 'நீ எங்களுக்குச் செத்துட்ட'ன்னு அவகிட்ட போன்லயே சொன்னேன். அப்பா கடைசியா அவளைப் பார்க்கணும்னு கேட்டாரு. கேட்டும் நான் விடலை. உங்களையாவது ஊரு மன்னிக்கும். புருஷனைத் தொலைச்சவ. எனக்கு என்ன சாக்கு இருக்கு?"

பின்னால் மருந்து வாங்க வந்த ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவன் சீட்டை வாங்கி, மருந்தை எடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக் கொடுத்தான். பிறகு ஒரு மருந்து உறையின் பின்பக்கத்தில் ஊரையும் முதியோர் இல்லம் ஒன்றின் பெயரையும் எழுதி, அவள் பக்கம் நகர்த்தினான். எல்லாம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது.

"நான் தந்தேன்னு சொல்லாதீங்க" என்றான்.

அந்த முதியோர் இல்லம் பஸ்ஸில் பாதிநாள் தூரத்தில் இருந்தது. பார்வையாளர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளும், சத்தத்தைக் குறைத்து வைத்த டிவியும் இருந்தன. டெட்டால் வாசனையோடு ஒரு பெண் வந்தாள். நரைத்த முன்முடி, வெள்ளைக் கோட்டு, கையில் பழைய கடிகாரம். அங்கே தலைமை நர்ஸாக இருந்தது அந்த மருந்துக்கடைப் பெண்தான். மைக்கம்மாவை அடையாளம் தெரிந்ததும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மைக்கம்மா எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் வடித்தது, ஸ்கூட்டர், மூடி, இடிந்த சுவர். ஆயிரம் பேருக்கு முன்னால் தடுமாறாமல் பேசுகிறவளுக்கு அன்று ஒரு வாக்கியம்கூட முழுதாக வரவில்லை. முடித்துவிட்டு, "நான் உங்களுக்குப் பண்ணது பாவம்" என்றாள்.

நர்ஸ் டிவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? உங்க வீட்டுக்காரர் முகம்கூட எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. பல்வலிக்கு மாத்திரை வாங்க வருவார். கை எல்லாம் நெருப்புப் பொறி பட்ட தழும்பா இருக்கும். அந்தக் கைதான் ஞாபகம். அதுக்கு மேல அவரைப் பத்தி எனக்கு எதுவுமே தெரியாது. முகம் தெரியாத மனுஷனோட ஓடிப்போனவளா இத்தனை வருஷம் இருந்திருக்கேன். இங்க ஒருத்தர் என்னைப் பொண்ணு கேட்டு வந்தார். நல்லவர். விசாரிக்க நம்ம ஊருக்குப் போனார். திரும்பி வரலை."

"என்ன செஞ்சா..." என்று மைக்கம்மா ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் செய்ய முடியாது. செய்ய முடியும்னு நினைச்சுட்டு வந்திருக்கீங்க, அதான் எனக்குக் கோபமா வருது." அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "இங்க வந்து காதோட சொல்றீங்க. அன்னிக்குக் காதோடவா சொன்னீங்க? எங்கப்பா கூனிக்குறுகி நின்னாரே, அதே கடை முன்னாடி நின்னு சொல்லுங்க. அதே மாதிரி சத்தமா. என்னை மன்னிக்கச் சொல்லி மட்டும் கேட்காதீங்க. நான் டியூட்டியில இருக்கேன்."

உள்ளேயிருந்து யாரோ முனகிக் கூப்பிட, "இதோ வந்துட்டேம்ப்பா" என்று வேறொரு குரலில், குழந்தையிடம் பேசுவதுபோல் பதில் சொல்லிக்கொண்டே அவள் போய்விட்டாள்.

*

அடுத்த நாளே மைக்கம்மா அதைச் செய்தாள். கடைத்தெரு நிறைந்திருக்கும் நேரத்தில் மருந்துக்கடை வாசலில் நடுத்தெருவைப் பார்த்து நின்றாள். கூட மகளும் வந்தாள். அம்மா கூப்பிடவில்லை, அவளாகத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"எல்லாரும் கேளுங்க" என்று கத்தினாள் மைக்கம்மா. "இந்த வீட்டுப் பொண்ணு என் புருஷனோட போகலை. என் புருஷன் கால்வாயில விழுந்து செத்தாரு. அவ தனியா, மானத்தோட போயி, மானத்தோட பொழைக்கிறா. நான் இங்க நின்னு அவளைச் சொன்னது பூராவும் பொய். பொய் சொன்ன வாய் இதுதான்."

நின்றவர்கள் சங்கடத்தோடு பார்த்தார்கள். ஒரு பைக் ஹாரன் அடித்தது. காய்கறிப் பையோடு போன ஒருத்தி, "அதான் பேப்பர்லயே வந்துடுச்சேம்மா, வீட்டுக்குப் போங்க" என்றாள். முன்பு "இருந்தா இப்படி இருக்கணும்" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியும் அங்கே இருந்தாள். "நாங்க எப்பவுமே அப்படி நினைச்சதில்லையே. யாரோ கிளப்பிவிட்டது" என்றாள். யார் கிளப்பிவிட்டார்கள் என்று மகள் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி நடையைக் கட்டினாள்.

தெரு பழையபடி நகர ஆரம்பித்துவிட்டது. வாங்குகிறவர்கள் வாங்கினார்கள், பேரம் பேசுகிறவர்கள் பேசினார்கள். கவுன்டருக்குள் அண்ணன்காரன் மட்டும், மாத்திரை அட்டை எதுவும் கையில் இல்லாமல், அப்பா குனிந்து நின்ற இடத்தில் குனிந்து நின்றான். அவன் பிறகு தங்கைக்குப் போன் செய்ததாகவும், அவள் எடுக்கவில்லை என்றும், போய்ப் பார்த்தபோது வாசல்வரை வந்து "நல்லா இருக்கியா" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டதாகவும் கேப்டன் மூலம் தெரிந்தது. அவள் ஊருக்கு வரவில்லை.

கசிவை அடைத்து, களிமண் அப்பி, கால்வாய்க்குத் திரும்பவும் தண்ணீர் விட்டார்கள். குழு வந்தது. பட்டமும் கிடைத்தது. அருங்காட்சியகப் பெண் ஒருநாள் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்து, ஸ்கூட்டரையும் மூடியையும் கண்காட்சிக்குத் தர முடியுமா என்று கேட்டாள். "கல்லும் கட்டடமும் மட்டும் பாரம்பரியம் இல்லைம்மா. மனுஷங்க வாழ்க்கையும்தானே" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என் வீட்டுக்காரரை வச்சு நான் நிறையக் காட்சி நடத்திட்டேன் கண்ணு. போதும்" என்றாள் மைக்கம்மா.

ஸ்கூட்டரைப் பழைய இரும்புக் கடையில் போட்டாயிற்று. மைக் பிடிக்கும் வேலைக்கு அவள் திரும்பவில்லை. கேப்டன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். பாலத்து வளைவு வருமே என்றாள். அங்கே மட்டும் பேசாம இரேன் என்றார். பேசாமல் அதைத் தாண்டுவது பேசிக்கொண்டு தாண்டுவதைவிடக் கஷ்டம் என்பது அவருக்குப் புரியவில்லை. இப்போது அவள் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாள். புதிதாக வந்த ஒரு பெண் மைக்கில் பேசுகிறாள். தேதிகளில் நிறையத் தப்பு விடுகிறாள்.

மகளுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பா எப்படிம்மா இருப்பார்?"

"எப்படின்னா?"

"ஆளு எப்படி? என்ன பேசுவார், எதுக்குச் சிரிப்பார்? எனக்கு நீ சொன்ன கதைதான் தெரியும். அதுல ஒண்ணுலகூட அவர் இல்லையே."

மைக்கம்மா சொல்ல வாயெடுத்தாள். அவன் குறட்டை விடுவான் என்று வந்தது. அது அவள் பக்கத்து வீட்டில் நடித்துக் காட்டிய கதை. கோபக்காரன் என்று வந்தது. அதுவும் கேட்கிறவர்களிடம் அவனைத் திட்டுவதற்காக ஊதிப் பெரிதாக்கியது. அவன் குரலைக் காதுக்குள் கொண்டுவரப் பார்த்தாள். படகில் அவனைப் போலப் பேசிக் காட்டுவாளே, அந்தக் கேலிக் குரல்தான் கேட்டது. இத்தனை வருஷமாக ஊருக்கு ஒரு அயோக்கியனை உருட்டி உருட்டிச் செய்துகொண்டிருந்ததில், கூட வாழ்ந்த மனிதனை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை.

மகள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தூங்கறப்போ..." என்றாள் மைக்கம்மா. "இரு, வருது. நீ கைக்குழந்தையா இருந்தப்போ, வேலை முடிஞ்சு வந்ததும் உன்னைத் தூக்கமாட்டார். தள்ளியே உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சலா வரும். பிறகுதான் பார்த்தேன், கையை வெந்நீர்ல ஊறவச்சிட்டு இருப்பார். கை சொரசொரன்னு இருக்கும்ல, உனக்குக் கீறிடுமோன்னு..."

"அப்புறம்?"

அவள் யோசித்தாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. பெட்டிகளில் பாதியை முன்கூட்டியே அனுப்ப வரச்சொல்லியிருந்தார்கள்.

"அப்புறம் தெரியலைடி" என்றாள்.

மகள் கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு கட்டிவைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.